கிழக்கே சூலம்

குண்டு விழுந்துகொண்டிருந்தபோது என் பெரியப்பா பஞ்சாங்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மேசைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு பார்த்தார். ஜாலான் புசார் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், கீழே கடையும் மேலே வீடுமாக இருந்த எங்கள் குடித்தனத்தில், பதுங்கிக்கொள்ள அந்த மேசைதான் இருந்தது. பெரியப்பா தவிடு, புண்ணாக்கு வியாபாரி. மேசைமேல் இரண்டு மெத்தை, சுற்றிலும் புண்ணாக்கு மூட்டைகள், உள்ளே ஐந்து பேர். அபாயச் சங்கு ஊதியதும் நாங்கள் எல்லோரும் விழுந்தடித்துக்கொண்டு உள்ளே போவோம். அவர் மட்டும் நிதானமாக, மஞ்சள் துணியில் சுற்றிய பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டு வந்து சேருவார். மூட்டை இடுக்கில் வரும் வெளிச்சத்தில் விரலை வைத்து வரிவரியாகப் படிப்பார். பக்கத்துத் தெருவில் எதுவோ இடிந்து விழும், மெத்தையிலிருந்து தூசி கொட்டும், அவர் விரல் மட்டும் வரியை விட்டு நகராது. எனக்கு அப்போது எட்டு வயது. பல்லோடு பல் மோதாமல் இருக்க அம்மா கொடுத்த ரப்பர் துண்டைக் கடித்துக்கொண்டு, அந்த விரலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்போது தொண்ணூறைத் தாண்டிவிட்டேன். யுத்தத்தைப் பற்றி எழுதுகிறாள் கிழவி என்றதும் யாரும் கைக்குட்டையைத் தேட வேண்டாம். நான் அழுவதற்காக இதை எழுதவில்லை. என் சித்திமேல் எண்பது வருஷத்துக்கு மேலாக ஒரு பழி இருக்கிறது, அதற்காக எழுதுகிறேன். சூலத்தில் கிளம்பி என் அம்மாவைச் சாவுக்குக் கூட்டிப்போனவள் என்று பழி. எங்கள் குடும்பத்தில் யாராவது சொல்பேச்சுக் கேட்காமல் கிளம்பினால், "சித்தி மாதிரி கெளம்பாதே" என்பார்கள். கல்யாணத்துக்கு, வேலைக்கு, வெளிநாட்டுக்கு, எதற்குக் கிளம்பினாலும் அந்த வார்த்தை வந்து நிற்கும். அந்தப் பழி பொய். பொய் என்று தெரிந்தவர்களில் உயிரோடு இருப்பவள் நான் ஒருத்திதான். சொல்லவேண்டிய இடத்தில் இரண்டு முறை வாயை மூடிக்கொண்டு இருந்தவளும் நான்தான். முப்பது வருஷம் தமிழாசிரியையாக இருந்து, பிள்ளைகளை "வாயைத் திறந்து சொல்லு" என்று அதட்டிச் சம்பளம் வாங்கியவள் என்பதையும் இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அப்பா நாகப்பட்டினத்துப் பக்கம் சொந்த ஊருக்குப் போயிருந்தார். நிலத் தகராறு, இரண்டு மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று போனவரை யுத்தம் அங்கேயே நிறுத்திவிட்டது. இங்கே வீட்டுக்குப் பெரியவர் பெரியப்பா, அப்பாவின் அண்ணன். மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. நல்ல மனிதர். அம்மா, சித்தி, நான், இரண்டு வயதுத் தம்பி என எங்கள் நான்கு பேருக்கும் சோறு போட்டவர் அவர்தான். அந்தக் காலத்தில் கணவனின் அண்ணன் முன்னால் பெண்கள் நேருக்கு நேர் நின்று பேசமாட்டார்கள். அம்மா அதில் ஒரு நூல்கூடத் தவறாதவள். மேசைக்கு அடியில் அத்தனை நெருக்கத்திலும் சுவர்ப் பக்கம் திரும்பி, முந்தானையை முகத்தில் இழுத்து விட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பாள். பெரியப்பாவுக்கு அவள் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சித்தியிடம் மெல்லச் சொல்வாள். சித்தி அதை உரக்கச் சொல்வாள். உப்பில்லை என்பதிலிருந்து தம்பிக்குக் காய்ச்சல் என்பதுவரை எல்லாம் அப்படித்தான். பெரியப்பா என் அம்மாவின் குரலைக் கேட்டதே இல்லை என்று நினைக்கிறேன்.

சித்தி அம்மாவின் தங்கை. பத்தொன்பது வயது. காத்தோங்கில் ஒரு பள்ளி ஆசிரியர் வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தாள். யுத்தம் வந்ததும் அக்காவுக்குத் துணையாக எங்களோடு வந்து இருந்தாள். உயரமானவள், பெரிய குரல். சிரித்தால் கீழே கடையில் தவிடு வாங்குகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அம்மா ரகசியமாகச் சொன்னதைச் சித்தி அப்படியே ஒப்பிக்க மாட்டாள், தன் பங்குக்குக் கொஞ்சம் மிளகாயும் சேர்த்துத்தான் சொல்வாள்.

பக்கத்துச் சந்தில் நான்கு வீடுகள் ஒரே நேரத்தில் தரைமட்டமான பிறகு இனி இங்கே இருப்பதற்கில்லை என்று பெரியப்பாவே சொன்னார். அன்று சனிக்கிழமை. சித்தி உடனே காத்தோங் என்றாள்.

"வாத்தியார் வூட்டம்மா வரச் சொல்லிட்டாங்க மாமா. கல்லு வூடு. பின்னால ரூம்பு சும்மாதான் கெடக்கு. இப்பவே போயிடலாம்."

பெரியப்பா பஞ்சாங்கத்தை விரித்தார். ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு திசை ஆகாது, அதுதான் சூலம். சனிக்கும் திங்களுக்கும் கிழக்கு ஆகாது. காத்தோங் எங்களுக்குக் கிழக்கே. போயே ஆகவேண்டும் என்றால் பரிகாரமாகத் தயிர் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். ஆனால் பால்காரர்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது. சிராங்கூன் சாலை முழுக்கத் தேடினாலும் ஒரு கரண்டித் தயிர் கிடையாது.

"டின் பால்ல உறை ஊத்தட்டுமா மாமா?" என்று சித்தி கேட்டாள். பெரியப்பா சிரிக்கவில்லை.

"மேற்க போவோம். புக்கிட் பாத்தோக்குல நம்ம கங்காணி இருக்காரு. ரப்பர் காடு. காட்டுல வந்து எவன் குண்டு போடப் போறான்?"

அதில் தப்புச் சொல்ல முடியாது. அன்றைக்குப் பாதி நகரம் அப்படித்தான் நினைத்தது. அம்மா என் மூன்று கவுன்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக எனக்குப் போட்டுவிட்டாள். தள்ளுவண்டியில் அரிசி, பாய், ஒரு மூட்டைப் புண்ணாக்கு. புக்கிட் தீமா சாலையோரக் கால்வாயை ஒட்டி நாள் முழுக்க நடந்தோம். எதிரே நகரத்துக்குள் போகிறவர்களும் எங்களோடு வெளியே போகிறவர்களுமாக, யாருக்கும் எது பத்திரமான பக்கம் என்று தெரியாமல் இரண்டு கூட்டங்கள் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டே கடந்தன. சாலையோரத்தில் ஒரு தையல் இயந்திரம் தனியாக நின்றது. அதன் ஊசியில் நூல்கூடக் கோத்தபடியே இருந்தது. அதைத் தள்ளுவண்டியில் ஏற்றலாமா என்று சித்தி கேட்டாள். அம்மா அவள் முதுகில் ஓர் அடி வைத்தாள்.

கங்காணி, தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடான லயத்தில் ஓர் அறை கொடுத்தார். ஒரு பகல் முழுதாக நிம்மதி. அதன் பிறகு பீரங்கிச் சத்தம். நகரத்தில் கேட்டது போல் மேலிருந்து வரவில்லை, எங்களுக்குப் பின்னாலிருந்து, மேற்கேயிருந்து வந்தது. திங்கட்கிழமை விடிந்ததும் சாலையில், தீவைக் காக்க வந்த சிப்பாய்கள் கட்டுப் போட்ட தலைகளோடு நகரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். எதிரிப் படை கரையேறிவிட்டது, நாங்கள் ஓடி வந்த பக்கமாகவே வருகிறது என்று லயம் முழுக்கப் பேச்சு. பஞ்சாங்கம் சொன்னபடி நல்ல திசையில் நடந்து, நேராகப் பட்டாளத்தின் வாயில் போய் நின்றிருந்தோம். இதற்காக எங்கள் குடும்பத்தில் பஞ்சாங்கத்தை யாரும் இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

நகரம் அங்கிருந்து கிழக்கே. அன்று திங்கள். மறுபடியும் கிழக்கே சூலம். பெரியப்பா லயத்து வாசலில் உட்கார்ந்து, நாளை விடியட்டும், செவ்வாய்க்கிழமை கிளம்பலாம் என்றார். ஒரு நாளில் என்ன ஆகிவிடும் என்றார். அம்மா உள்ளே, கோணிச் சாக்குத் திரைக்குப் பின்னால் இருந்தாள். சித்தி திரையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கும் அறைக்கும் நடுவில் நின்றாள். நான் சித்தியின் காலடியில் உட்கார்ந்திருந்தேன். சித்தி குனிந்து, "என்னக்கா செய்யலாம்? ஒரு நாள் பாப்பமா?" என்றுதான் கேட்டாள். பயந்திருந்தாள். பெரிய குரல்காரியின் குரல் அப்படி இறங்கி நான் அதற்குமுன் கேட்டதில்லை. அம்மா தம்பியைத் தூக்கிச் சித்தியின் இடுப்பில் வைத்தாள். கிளம்புவது என்று முடிவு செய்தது அம்மா. அதைத் தணிந்த குரலில், திரைக்குள்ளிருந்து, தன் தங்கைக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். நடுவில் இருந்ததால் எனக்கும் கேட்டது.

சித்தி நிமிர்ந்தாள். பயம் போய்விட்டது. வழக்கம்போல் மிளகாய் சேர்த்துச் சொன்னாள்: "மாமா, நாங்க கெளம்புறோம். சூலம் வந்தா நான் பாத்துக்கிறேன்."

பெரியப்பாவுக்குக் கேட்டது அது ஒன்றுதான்.

அவர் வரவில்லை. நாங்கள் நான்கு பேர் கிளம்பினோம். சித்தி இடுப்பில் தம்பி, அம்மா தலையில் மூட்டை, அம்மாவின் பிடியில் என் மணிக்கட்டு. எங்கேயோ எண்ணெய்க் கிடங்குகள் எரிந்துகொண்டிருந்தன. வானத்திலிருந்து கரி மழையாக விழுந்தது. என் மேல் கவுன் கறுத்ததும் அம்மா அதைக் கழற்றி எறிந்தாள், கொஞ்ச தூரத்தில் அடுத்ததையும். விமானம் தாழ வந்தால் கால்வாயில் இறங்கிக் குந்திக்கொள்வோம். போனதும் ஏறி நடப்போம். ஒருமுறை கால்வாய்க்குள் முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு சித்தி வானத்தைப் பார்த்துக் கையை ஓங்கி, "மானங்கெட்டவனுங்களா, எறங்கி வாங்கடா கீழ!" என்று கத்தினாள். அதற்குப் பின் சொன்னதை எழுத என் ஆசிரியைப் புத்தி இடம் தராது. அம்மா சிரித்தாள். வாயை மூடாமல், முந்தானை தோளில் கிடக்க, தலையை அண்ணாந்து சிரித்தாள். அன்று வழி நெடுக அம்மா பேசிக்கொண்டே வந்தாள். ஒளிந்துகொள்ள அவளுக்குச் சுவர் இல்லை, முகத்தை மூட ஆளும் இல்லை. குண்டு விழுந்துகொண்டிருந்த அந்தப் பத்து மைல் சாலையில்தான் என் அம்மாவின் முழுக்குரலை நான் கேட்டேன். யுத்தத்தைப் பற்றிச் சந்தோஷமான ஞாபகம் உண்டா என்று யாராவது கேட்டால் எனக்கு உண்டு. சொன்னால் அவர்களுக்குத்தான் என்னைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும்.

சாயங்காலம் எங்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்தோம். கால் புண் ஆறியதும் காத்தோங் போவதாக இருந்தது. மறுநாள் செவ்வாயன்று பெரியப்பாவும் நடந்து வந்து சேர்ந்தார், ஒரு கீறல் இல்லாமல். அவரோடு கிளம்பாமல் தோட்டத்திலேயே தங்கிவிட்ட கங்காணியையும் அவர் குடும்பத்தையும் அதன்பின் நாங்கள் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் குழாய்களில் தண்ணீர் நின்றுவிட்டது. தெருமுனையில் உடைந்த ஒரு குழாயில் மட்டும் ஒழுகிக்கொண்டிருந்தது. அதற்கு வரிசை. காலையில் சித்தி போய் ஒரு வாளி கொண்டுவந்தாள். மத்தியானம் அம்மா, என் முறை என்று சொல்லிப் போனாள். பீரங்கிக் குண்டு ஒன்று வரிசைமேல் விழுந்தது. லாரி ஒன்று வந்து எல்லோரையும் ஒன்றாக ஏற்றிப் போனது. எங்கே கொண்டுபோனார்கள், எரித்தார்களா புதைத்தார்களா, எங்களுக்குத் தெரியாது. அவ்வளவுதான். இதை நீட்டி எழுத எனக்குச் சம்மதமில்லை.

பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அழுதுகொண்டே, "சூலம் வந்தா நான் பாத்துக்கிறேன்னு சொன்னியே, பாத்துக்கிட்டியா?" என்று சித்தியைக் கேட்டார். சித்தி தம்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு ஒட்டிய பழிதான். நான் பெரியவளானதும் ஆசிரியைப் புத்தியோடு இதைச் சரிபார்த்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்கு மேற்கே சூலம். தண்ணீர்க்குழாய் எங்கள் வீட்டுக்குத் தெற்கே இருந்தது. எந்தத் திசையிலும் போகாமல் இருந்த இடத்திலேயே இருந்த கங்காணிக்கு எந்தச் சூலம்? குண்டு போட்டவனைத் திட்டாமல், கரையைக் காக்கத் தவறியவனைத் திட்டாமல், தம்பியை இடுப்பில் சுமந்து வந்த பத்தொன்பது வயதுப் பெண்ணைத் திட்டுவது சுலபமாக இருந்தது. அவள் பக்கத்திலேயே இருந்தாள், அதனால்தான்.

ஆனால் பெரியப்பா பொய் சொல்லவில்லை. அதுதான் இதில் சிக்கல். அவர் காதில் விழுந்தது சித்தியின் குரல்தான். நகரம் எதிரியிடம் விழுந்தபின் மூன்றரை வருஷம் மரவள்ளிக்கிழங்கும் புண்ணாக்கும் கொடுத்து எங்களைக் காப்பாற்றியவரும் அவர்தான். யுத்தம் முடிந்து கப்பல் ஓடத் தொடங்கியபின் அப்பா வந்தார். கூடத்தில் உட்கார வைத்துப் பெரியப்பா எல்லாவற்றையும் சொன்னார். சித்தி சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா என் பக்கம் திரும்பினார்.

"நீ கூடத்தானேம்மா இருந்தே? அம்மா போகமாட்டேன்னு சொன்னாளா? இவதான் இழுத்துட்டுப் போனாளா?"

எனக்குப் பன்னிரண்டு வயது. திரைக்குள்ளிருந்து அம்மா சொன்னது ஓர் எழுத்துக் குறையாமல் எனக்கு ஞாபகம் இருந்தது. பெரியப்பாவைப் பார்த்தேன். அவர் போட்ட சோறு என் வயிற்றில் இருந்தது.

"ஞாபகம் இல்லப்பா" என்றேன்.

அப்பா அதற்குப் பிறகு சித்தியோடு நேராகப் பேசவே இல்லை. தங்கையையே கட்டிக்கொள், பிள்ளைகளுக்குத் தாயாக இருப்பாள் என்று பழகியவர்கள் சொன்னபோது, அவள் பேச்சை எடுக்காதீர்கள் என்றார். ஊருக்குத் திரும்பிப் போய் வேறு கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே இருந்துவிட்டார். சித்தியைப் பெண் கேட்டு வந்த இரண்டு இடங்களும், அக்காவைத் தின்றவள் என்ற பேச்சு எட்டியதும் நின்றுபோயின. அவள் அதைப் பற்றியெல்லாம் வருந்தியதாகக் காட்டிக்கொள்ளவில்லை. வீடுகளில் பிள்ளை வளர்க்கப் போனாள், துணி துவைக்கப் போனாள், எங்கள் இருவரையும் படிக்க வைத்தாள். தம்பி அவளைக் கடைசிவரை சித்தி என்றுதான் கூப்பிட்டான். அம்மா என்று ஒருநாளும் கூப்பிடவில்லை. அவன் அதை வேண்டுமென்றே செய்தான் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

நான் புக்கிட் பாத்தோக்கில் அடுக்குமாடி வீடு வாங்கியபோது சித்தியும் என்னோடு வந்தாள். பட்டாளம் வந்த வழியில் பதின்மூன்றாவது மாடி. சன்னலில் நின்று பார்த்துவிட்டு, "நம்ம லயம் எங்கிட்டுடி இருந்துச்சு? அடையாளமே தெரியலயே" என்றாள். நான் அப்போது நகரத்துப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை பார்த்தேன். திங்கட்கிழமை காலைகளில் கிளம்பும்போது ஒரு கரண்டித் தயிரை என் வாயில் ஊட்டிவிடுவாள். வயிற்றுக்குக் குளிர்ச்சி என்பாள். சின்ன வயதிலும் அப்படித்தான். எங்கள் பள்ளிக்கூடம் கிழக்கே, கல்லாங் ஆற்றுக்கு அந்தப் பக்கம். திங்கட்கிழமையானால் எனக்கும் தம்பிக்கும் ஆளுக்கொரு கரண்டி. மழையில் சளி பிடித்திருந்தாலும் விடமாட்டாள். ஐம்பது வயதுவரை நான் அதை வயிற்றுக்கு என்றே நம்பிச் சாப்பிட்டிருக்கிறேன். ஒரு திங்கட்கிழமை நாள்காட்டித் தாளைக் கிழிக்கும்போது கீழே சின்ன எழுத்தில் கண்ணில் பட்டது: சூலம் கிழக்கு, பரிகாரம் தயிர். கையில் கரண்டியோடு நின்ற சித்தியைத் திரும்பிப் பார்த்தேன்.

"நீயுமா சித்தி?"

சித்தி கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "எனக்கு அதுல நம்பிக்கை இல்லடி. அன்னைக்கும் இல்ல, இன்னைக்கும் இல்ல. ஆனா உங்க ரெண்டு பேர வச்சு இன்னொரு வாட்டி பந்தயம் கட்ட என்னால முடியாது. வாயத் தொற."

வாயைத் திறந்து சாப்பிட்டேன். வேலைக்குப் போகவில்லை. அன்றைக்கு அவளைக் கேட்டேன், அம்மாதான் கிளம்பச் சொன்னாள் என்று ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று. உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று அவள் கேட்கவில்லை. எப்போதும் தெரிந்தே இருந்திருக்கிறாள். "செத்தவ மேல பழி போட எனக்கு வாய் வரலடி. எங்கக்கா தன் சாவத் தானே தேடிக்கிட்டான்னு பேசுவாங்க. என்னைய பேசட்டும், நான் உயிரோடதானே இருக்கேன்" என்றாள். எனக்கு வந்த கோபம் இன்றும் தணியவில்லை. கால்வாய்ச் சேற்றில் நின்று விமானத்தை அடிக்கக் கை ஓங்கியவளை ஒரு கரண்டித் தயிருக்குப் பயப்பட வைத்துவிட்டார்களே என்று கோபம். என்மேலும் கோபம். அவள் பழி என்று சொன்னாளே, அங்கேதான் அவளும் தவறினாள். அம்மா எடுத்த முடிவு பழி இல்லை. அது அவளுடைய பெருமை. பெருமையை ஏன் ஒளிக்க வேண்டும்?

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகாவது பேசினேனா என்றால் இல்லை. சித்தி இறந்து, அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் கிடத்தியிருந்தபோது, தம்பிதான் எல்லாக் காரியமும் செய்தான். துக்கம் கேட்க வந்த ஒருவரிடம், "நல்லவங்கதான். ஆனா எங்கம்மா போனது இவங்க பிடிவாதத்தாலதான்" என்றான். நான் இரண்டடி தள்ளி நின்றேன். இந்த நேரத்தில் எதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டாவது முறை வாயை மூடிக்கொண்டது அப்போதுதான்.

இந்த வருஷம் என் மகன் காத்தோங்கில், சிலோன் சாலைப் பக்கம் வீடு வாங்கினான். என்னையும் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. சாமான் ஏற்றும் லாரி சனிக்கிழமை வருகிறது என்றான். "வேற நாள் கெடைக்கல லா அம்மா, உங்களுக்கு ஓகேவா?" என்று கேட்டான். பிரமாதமான நாள் என்றேன். சனிக்கிழமை காலை, பெட்டிகளுக்கு நடுவே நான் உட்கார்ந்திருந்தபோது தம்பி வந்தான். அவனுக்கு எண்பத்தாறு. கைத்தடி ஒரு கையில், தேக்கா சந்தையில் வாங்கிய தயிர் டப்பா இன்னொரு கையில்.

"அக்கா, இன்னைக்குக் கெழக்க சூலம். போக வேணாம்னு சொல்லல. ரெண்டு ஸ்பூன் சாப்பிட்டுட்டுக் கெளம்பு. அம்மாவ இப்படித்தானே விட்டோம்? நீயும் சித்தி மாதிரி கெளம்பாதே."

"உக்காரு தம்பி" என்றேன். அவன் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தான். "அன்னைக்குக் கெளம்பணும்னு சொன்னது சித்தி இல்ல. அம்மா."

சாக்குத் திரையைச் சொன்னேன். சித்தி பயந்து குனிந்து கேட்டதைச் சொன்னேன். அம்மா அவனைத் தூக்கிச் சித்தி இடுப்பில் வைத்ததைச் சொன்னேன். பெரியப்பா காதில் விழுந்தது சித்தியின் குரல் மட்டும்தான், பேச்சு அம்மாவுடையது என்றேன். முடித்தபின், சித்தி ஏன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்று கேட்டான். அவள் சொன்ன காரணத்தைச் சொன்னேன்.

"நீ ஏன்கா சொல்லல?"

எண்பது வருஷமாகக் காத்திருந்த கேள்வி. "பயம்டா. பன்னெண்டு வயசுல பெரியப்பாவுக்குப் பயம். அதுக்கப்புறம், அன்னைக்குப் பயந்துட்டேன்னு தெரிஞ்சிடுமேன்னு பயம்."

அவன் குனிந்து தயிர் டப்பாவைத் தரையில் வைத்தான். குளிர்சாதனப் பெட்டியை எங்களைத் தாண்டி எடுத்துக்கொண்டு போனார்கள். என்னைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டட்டும் என்றுதான் இருந்தேன். அவன் தலையை நிமிர்த்தி, "அம்மா என்ன சொன்னா? அவ சொன்ன மாதிரியே சொல்லு" என்றான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு வயதில் தாயை இழந்தவன். அம்மாவுக்கு ஒரு புகைப்படம்கூடக் கிடையாது. அம்மா சொன்ன ஒரே ஒரு வாக்கியம்கூட இத்தனை வருஷத்தில் அவன் கேட்டதில்லை. அது என்னிடம் இருந்தது, நான் கொடுக்கவில்லை. சித்திக்கு நான் செய்த துரோகத்தை மட்டும்தான் இத்தனை காலம் எண்ணிக்கொண்டிருந்தேன். அவனுக்குச் செய்ததை நினைத்துப் பார்க்கவே இல்லை.

அம்மாவின் தணிந்த குரலில், அவள் நிறுத்திய இடங்களில் நிறுத்திச் சொன்னேன்:

"சூலம் எந்தப் பக்கம் வேணும்னாலும் இருக்கட்டும். எம்புள்ளைங்க உசுரோட இருக்கற பக்கம் நான் போறேன். நீ சொல்லிடு அவருகிட்ட."

"இன்னொரு தடவ" என்றான். இன்னொரு தடவை சொன்னேன். மூன்றாம் முறை அவன் உதடும் கூடவே அசைந்தது. கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, வழியவிட்டான்.

லாரிக்காரர் வாசலில் வந்து நின்று, எல்லாம் ஏற்றியாகிவிட்டது, கிளம்பலாமா என்று கேட்டார். தம்பி கைத்தடியை ஊன்றி எழுந்தான். நான் பதில் சொல்லுமுன் அவன் சொன்னான்:

"கெளம்பலாம்பா. எங்கம்மா சொல்லிட்டாங்க."